சோபா அத்தை கேட்ட சொகுசு

மெக்கானிக் பட்டறையில் அன்று நடந்த பேச்சு, கூடப் போயிருந்த அத்தையின் அண்ணன் மகளுக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. அத்தைதான் ஆரம்பித்தார். தன் பழைய பிக்கப் வண்டியைக் காட்டி, "தொண்ணூறுல போனா எஞ்சின் அலறுது, ஸ்டீரிங் உதறுது. கொஞ்சம் சொகுசா ஓட்ட வழி பண்ணுங்க" என்றார். இந்த வயசு வண்டிக்கு அறுபதே அதிகம் என்றார் மெக்கானிக். வாராவாரம் நெடுஞ்சாலையில் போக வேண்டியிருக்கிறதே என்றார் அத்தை. ஓட்டப்போவது யார் என்று மெக்கானிக் கேட்டார். நான்தான் என்று அத்தை சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. "முதல்லயே சொல்லக்கூடாதாம்மா? விடுங்க, செஞ்சிடலாம்."

செய்தும் கொடுத்தார். இருக்கைமேல் ஒரு மெத்தை, ஜன்னலுக்குத் திரை, இரைச்சல் தெரியாமலிருக்க இரண்டு பெரிய ஸ்பீக்கர்.

தெருவே சோபா அத்தை என்று கூப்பிடுகிறவருக்கு மெத்தை! ஊரார் சுகமாக உட்காரத் தைத்துக் கொடுப்பவர் அவர். மெத்தை ஓரத்தை இரண்டு விரலால் நிமிண்டினார், தையல் கோணல். "தலைவலின்னு வந்தவங்களுக்கு மேளம் அடிச்சுக் காட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தார்.

தூரத்து நகர விடுதிகளின் நாற்காலிகளை ஏற்றி வந்து, உறை மாற்றி, திரும்பக் கொண்டுபோய் இறக்குவதுதான் அத்தையின் பிழைப்பு. போய்வந்த மறுநாளெல்லாம் விரல்கள் உதறும். ஊசியில் நூல் கோக்க வராது. அதைப் பார்த்த அண்ணன், வயதாகிவிட்டது, வண்டியை விற்றுவிட்டு உள்ளூர் வேலையோடு நிறுத்திக்கொள் என்றார். உள்ளூரில் யார் நாற்காலிக்கு உறை மாற்றுகிறார்கள்? கிழிந்தால் மேலே துண்டைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள்.

"ஆடுறது வண்டி. கெட்ட பேரு மட்டும் என் கைக்கா?"

அண்ணன் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

அடுத்த பயணத்தில், ஓர் இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தார் அத்தை. அலறல் அடங்கியது, உதறல் அடங்கவில்லை. ஆக, நோய் இரண்டு. நேராகப் பட்டறைக்குப் போய் மெத்தையையும் ஸ்பீக்கரையும் மேசைமேல் வைத்துவிட்டு அதைச் சொன்னார். மெக்கானிக் மளமளவென்று பேசினார். பாரத்தோடு மெதுவாக ஏறச் செய்த வண்டி இது. பின் அச்சுப் பல்சக்கரத்தை வேகத்துக்குத் தக்கபடி மாற்றினால் எஞ்சின் அலறாது. முன்சக்கரங்களை பேலன்ஸ் செய்து, தேய்ந்த ஸ்டீரிங் மூட்டுகளை மாற்றினால் உதறல் போய்விடும். எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது!

"லேடீஸ் சொகுசுன்னதும், உட்கார வசதி கேக்கறீங்கன்னு நினைச்சேம்மா" என்று சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. "ஆம்பிளை கேட்டா எஞ்சினு, பொம்பளை கேட்டா மெத்தை. அப்படித்தானே?"

வேலை முடிந்து வண்டி வந்தது. இத்தனை செலவு செய்தும் கை நடுங்கத்தான் போகிறது என்று அண்ணன் வாசலில் நின்று சொன்னார். அத்தை காதில் வாங்காமல் உள்ளே வந்து, படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் எதிரில் உட்கார்ந்தார். நாளைக்கு நீயும் வா என்றார். எதற்கு என்றாள்.

"போய் இறங்கினதும் என் கையைப் பாரு. பார்த்ததை உங்கப்பாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டார். அப்புறம், தொண்ணூறு தொட்டதும் என்கிட்ட ஏதாவது பேசு. நீ பேசறது இந்த வீட்டுக்குள்ளயே யாருக்கும் கேக்காது. அங்க எனக்குக் கேட்டுச்சுன்னா வேலை உருப்படியா நடந்திருக்குன்னு அர்த்தம். பாவமேன்னு எனக்காகக் கத்திப் பேசிடாதே."