சங்கரன்கோவிலில் அழிந்துபோன தீபாவளி பார்டர்

போன ஆவணியில் சங்கரன்கோவில் போனது சாமி கும்பிட அல்ல. அங்கே ஒரு விசைத்தறிச் சேலை நிறுவனத்தின் டிசைன்களை எல்லாம் சென்னையில் இருந்தபடியே இணையச் சேமிப்பகமான கிளவுடுக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். மூன்றே வாரத்தில் முதலாளி போன் செய்தார்: "சரிப்படல தம்பி, பழைய பென் டிரைவே போதும்." எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

எழும்பூரில் செங்கோட்டை ரயில் ஏறினால் காலை ஏழு மணிக்குச் சங்கரன்கோவில். ஸ்லீப்பர் 405 ரூபாய். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு நூறு கேட்பார்கள். அறுபதுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

அலுவலகத்தில் டிசைனர் செல்வி அழாத குறை. கிளவுடை வாங்கச் சொன்னதே அவர்தான். பதினாறு கிலோமீட்டர் தள்ளிப் புளியங்குடியில் தறிக்கூடம். தினமும் பஸ்ஸில் பென் டிரைவ் கொடுத்தனுப்பி அலுத்திருந்தார். "முந்தாநாள் தீபாவளிச் சேலையோட பார்டர் டிசைனே காணாமப் போச்சு சார். நான்தான் தொலைச்சேன்னு சொல்லுதாக. நாலு மணிக்குள்ள அது புளியங்குடி போகலைன்னா கிளவுடும் கிடையாது, இங்கன எனக்கு மரியாதையும் கிடையாது."

கிளவுடுக்குள் போய்ப் பார்த்தால், அலுவலகம், தறிக்கூடம் எல்லாம் சேர்த்து ஏழு பேருக்கும் ஒரே லாகின், முதலாளி பெயரில். பாஸ்வேர்டு சுவர் காலண்டரில். இதற்கு நான் எதற்குப் படித்தேன்?

"ஆளுக்கொரு லாகின் வேணும்" என்றேன்.

"ஆளுக்கொரு சாவியக் குடுத்துட்டு நான் என்ன வாட்ச்மேனா வே?" என்றார் முதலாளி.

யார், எப்போது, என்ன செய்தார் என்ற பதிவுகளைத் திறந்து காட்டினேன். "முந்தாநாள் மதியம் 1.10க்கு பார்டரை அழிச்சது நீங்கதான்."

"நான் அப்ப கடையநல்லூர்ல கல்யாணப் பந்தியில இருக்கேன்!"

"கிளவுடுக்கு ஏழு பேரும் நீங்கதான் அண்ணாச்சி. ஆனா அழிச்ச கம்ப்யூட்டர் புளியங்குடியில இருக்கு."

செல்வி தறிக்கூடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மேற்பார்வையாளர் அசராமல் சொன்னார்: "ஆமா, வேண்டிய டிசைன இறக்கிட்டு மத்தத காலி பண்ணிருவோம். பென் டிரைவ்ல ஒண்ணும் மிச்சம் வைக்காத, பஸ்ல எவனாவது பாத்துருவான்னு அண்ணாச்சிதான சொல்லுவாக?"

அறையே சிரித்தது. முதலாளி மட்டும் மேஜையைப் பார்த்தார். பிறகு, "செல்வி, உம்மேல தப்பில்ல. தம்பி, நீரு ஆளுக்கொரு லாகின் போடும் வே" என்றார்.

அழித்தவை முப்பது நாள் கிளவுடின் குப்பைத்தொட்டியில் கிடக்கும். அங்கிருந்து பார்டரை மீட்டு, ஆளுக்கொரு லாகின் போட ஆரம்பித்தேன். 2.50க்குக் கரண்ட் போனது. என் போன் இணையத்தில் லேப்டாப்பை இணைத்து மீதியை முடித்தேன். புளியங்குடிக்கு இனிப் பார்க்கவும் இறக்கவும் மட்டும்தான் அனுமதி. 3.42க்கு அங்கிருந்து குரல்: "வந்துட்டு! தறியில ஏத்துதோம்." செல்வி மேஜையை ஓங்கித் தட்டினார். நானும்தான்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: முதல் நாள் மென்பொருளைத் தொடாதீர்கள். அவர்கள் இதுவரை எப்படி வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். மூன்று வாரம் முன்பே நான் கேட்டிருந்தால் 405 ரூபாய் மிச்சம். கூடவே சார்ஜ் ஏற்றிய போன் கட்டாயம்.

திரும்பும்போது பிளாட்பாரத்தில் முதலாளியின் போன். "தம்பி, அடுத்த தெருவுல சேலை போடுதவனுக்கும் இதே மாதிரி வேணுமாம். உம்ம நம்பர் கேக்கான்."

"கொடுங்க அண்ணாச்சி!"

"குடுக்கேன். தீபாவளி கழியட்டும் வே."