இரண்டாவது ஓட்டு

மலையாளக் கரையில் இருக்கும் செறுகடவில் கட்சி என்றால் ஒன்றுதான். பேருந்து நிறுத்தத்திலிருந்து மீன் சந்தை வரை ஒரே கொடி. மற்ற கட்சிக்கு அந்த ஊரில் இருந்த ஒரே ஆள் மாவு மில் கணாரன். பம்பாயில் பஞ்சாலை வேலைக்குப் போன வயதில் ஒட்டிக்கொண்ட கட்சி. ஊர் திரும்பி முப்பது வருஷமாகியும் விடவில்லை. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

அவரை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அதைவிட மோசம், யாரும் அவரோடு உட்காரவில்லை. அரிசி டின்னை மில்லில் வைத்துவிட்டு எதிர் டீக்கடைக்குப் போய்விடுவார்கள்; அரைத்து முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வார்கள். மில்லில் கிடந்த பெஞ்சில் மாவுதான் படிந்து கிடந்தது. போன ஆடி மழையில் அவர் மனைவி சிருதேயி இறந்தபோது ஊரே திரண்டு வந்தது. கட்சிப் பையன்கள்தான் பந்தல் போட்டார்கள், தூக்கினார்கள், விறகு அடுக்கினார்கள். காரியம் முடிந்ததும் ஒருத்தர் பாக்கியில்லாமல் கிளம்பிப் போனார்கள். குறை சொல்ல வழியில்லாத மனிதர்கள், அதுதான் வயிற்றெரிச்சல்!

எந்தத் தேர்தலானாலும் செறுகடவுச் சாவடியில் அவர் கட்சிக்கு விழுவது சரியாக இரண்டு ஓட்டு. ஒன்று அவருடையது, ஒன்று சிருதேயியுடையது. "ரெண்டோட்டுக் கணாரன்" என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அவருக்கோ அதில் உள்ளூரப் பெருமை. ஊரே எதிரே நின்றாலும் பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாளே.

தேர்தலுக்கு முந்தின நாள், எதிர்க்கட்சிக்கு எத்தனை விழும் என்று கிளைச் செயலாளர் எழுதி மேலே அனுப்புவது இங்கே வழக்கம். செறுகடவுக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. இந்த முறை செயலாளர் பவித்திரன் "ஒன்று" என்று எழுதினான்.

ஓட்டு எண்ணிய அன்று மத்தியானம் அவன் மில்லுக்கு ஓடி வந்தான்.

"கணாரேட்டா, ரெண்டு விழுந்திருக்கு!"

"நிஜமாவாடா?"

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. 'உன் மூக்குக்குக் கீழ ஒருத்தன் இருக்கான், நீயெல்லாம் ஒரு செயலாளரா'ன்னு மேல கூப்பிட்டு என் தோலை உரிச்சுட்டாங்க. யாரு ஏட்டா அது?"

"தெரிஞ்சா மட்டும் உன்கிட்ட சொல்லிடுவேனாக்கும்!"

"சொல்லாதீங்க. வீடு வீடா ஏறி நானே பிடிக்கறேன்."

அவன் போனதும் கணாரன் பெஞ்சைத் துடைத்தார். இரண்டு நாள் மில்லுக்கு வந்தவர்களின் முகத்தையெல்லாம் பார்த்தார். இவனா? இந்தப் பெண்ணா? என்றைக்காவது அந்த ஆள் வந்து உட்கார்ந்தால் கொடுக்க வேண்டுமே என்று டீத்தூளும் சர்க்கரையும் வாங்கி வைத்தார். பாவம் மனுஷன்.

மூன்றாம் நாள் பவித்திரனின் அம்மா, கணாரனுக்கு அக்கா முறையான மாதுவேடத்தி, புட்டுக்கு அரிசி கொண்டுவந்தார். எழுபத்தைந்து வயது, கட்சி ஊர்வலம் ஒன்றுகூட விடாதவர். டின்னை வைத்தவர் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"மில்லை நிறுத்து, கணாரா."

நிறுத்தினார்.

"அந்த ஓட்டு என்னோடது."

"ஏடத்தி, நீங்களா!"

"ரொம்பச் சந்தோசப்படாதே. சிருதேயி உன் கட்சிக்கு ஒருதரம்கூடப் போட்டதில்லை. அவ அப்பன் எங்க கட்சிக்காக ஜெயில்ல கிடந்து செத்தவன். அவளுக்குக் கை வரலை. ஆனா உனக்கு ஒண்ணே ஒண்ணு விழுந்தா நீ ஒடிஞ்சு போயிடுவேன்னு என் கையைப் பிடிச்சுட்டு அழுதா. 'எனக்குப் பதிலா நீங்க அவருக்குப் போடுங்க ஏடத்தி'ன்னா. அன்னையிலேர்ந்து போட்டேன்."

"இந்தத் தடவை எதுக்கு?"

"பழக்க தோசம்டா. கை தானா அங்க போயிடுச்சு. அவ இல்லைங்கறதே அமுக்கினப்புறம்தான் உறைச்சுது. இப்ப என் மகனே ஊரைச் சல்லடை போட்டுத் தேடறான். தெரிஞ்சா அவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

பக்கத்தில் நின்றாள் என்று நினைத்தவள் எதிரே நின்றிருக்கிறாள். எதிரே நின்றுகொண்டே அவருக்காக அழுதிருக்கிறாள். அவள்மேல் கோபம் வந்தது. அவளை இப்போதே போய்ப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

"இனிமே உங்க கட்சிக்கே போடுங்க, ஏடத்தி" என்று சொல்லிவிட்டு மில்லை ஓடவிட்டார்.

சாயங்காலம் தெருவில் போன பவித்திரனை அவரே கூப்பிட்டார்.

"டேய், தேர்தல் வேலைக்கு வந்தாரே கண்ணாடிக்காரர், அந்த அதிகாரி. வேலைச் சீட்டைக் காட்டி நம்ம சாவடியிலேயே ஓட்டுப் போட்டாரே, மறந்துட்டியா? எங்க ஆளுதான்னு சாப்பிடறப்ப என்கிட்ட சொன்னார்."

கண்ணாடிக்காரர் ஓட்டுப் போட்டது நிஜம். மற்றதெல்லாம் கணாரன் அந்தச் சாயங்காலம் இட்டுக்கட்டியது.

பவித்திரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அட, அந்தாளை நான் கணக்குலயே சேர்க்கலையே! இதுக்கா மூணு நாளாத் தூக்கம் கெட்டேன்? அப்ப ஊருக்குள்ள நீங்க மட்டும்தானா, ஏட்டா?"

"நான் மட்டும்தான்."

"அடுத்த தடவை ஒண்ணுன்னு எழுதலாமா? தப்பாதே?"

"தப்பாது. ஒண்ணுன்னே எழுது."

பவித்திரன் டீக்கடைக்கு ஓடினான். சற்று நேரத்தில் அங்கே கிளம்பிய சிரிப்பு மில் வரைக்கும் கேட்டது.