சிவப்புத் தொப்பிப் பையனை விசாரித்த பேகம் அக்கா

குடவாசலில் பெண்ணைப் பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்றால் பாதிப் புண்ணியம் மெஹராஜ் பேகத்துக்குச் சேரும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். பேகம் அக்கா அந்த ஆயிரத்தையும் கையோடு பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், வெயில் தாங்கலை, ஒரு வாய் தண்ணி கொடுங்க என்று உட்கார்வார். சொம்பைக் கீழே வைப்பதற்குள் பையன் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், பெற்றவளிடம் எப்படிப் பேசுகிறான், சாயங்காலம் யாரோடு சுற்றுகிறான் என்று எல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் வீட்டில் நாத்தனாருக்கு வரன் வந்தபோதும் அவரைத்தான் அனுப்பினோம்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கே இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஒரு பையன் வந்து சேர்ந்தான், ஷார்ஜாவிலிருந்து, அட்டைப் பெட்டிக்குள்.

அக்காவின் வீட்டுக்காரர் ஜெக்கரியா அங்கே சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தார். ஒன்பதாவது படிக்கும் மகன் அஸாருக்கு லீவில் ஊருக்கு வந்த சிங்காரவேலு கையில் ஒரு வீடியோ கேம் பெட்டியும் சிடியும் கொடுத்தனுப்பியிருந்தார். சிடியின் மேல் சிவப்புத் தொப்பி போட்ட பையன் ஒருவன் கிரிக்கெட் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். ஏதோ ஒரு ஊர் ஹாஸ்டல் பள்ளிக்கூடம். சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு அடிதடிதான் பாடம். கூடப் படிக்கிறவனை அலமாரிக்குள் தள்ளிப் பூட்டுவான், வாத்தியார் மேல் முட்டை வீசுவான். தெருப் பையன்கள் எல்லாம் அஸார் வீட்டுக் கூடத்திலேயே குடியிருந்தார்கள்.

ஒருநாள் என் மகன் அரவிந்தன் போனில் அஸாரிடம், “நம்ம கணக்கு சாரைத் தூக்கிக் குளத்துல போட்டா எத்தனை பாயிண்ட்டுடா வரும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பை அணைக்காமல்கூட ஓடினேன்.

“அக்கா, அந்தச் சனியனைத் தூக்கிப் போடுங்க. பிள்ளைங்க ரவுடியாப் போயிடுவாங்க.”

“இரு அனுராதா. விசாரிக்காம நான் யாரையும் நல்லவன்னும் சொன்னதில்ல, கெட்டவன்னும் சொன்னதில்ல. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் வா, முடிவு சொல்றேன். சரியில்லன்னா சனிக்கிழமை சிங்காரவேலு ஷார்ஜாவுக்குத் திரும்பறார், அவர் கையிலேயே பெட்டியோட கொடுத்தனுப்பிடறேன்.”

அஸார் முகம் செத்துப்போனது. “அம்மா, அது பொம்மைம்மா. அதுக்கு அம்மா அத்தாகூடக் கிடையாது.”

“அதான் இப்படி ஆயிருக்கான்” என்றார் அக்கா.

எனக்கு வெள்ளிக்கிழமை வரை இருப்புக் கொள்ளுமா? மறுநாளே உறை மோர் வாங்கும் சாக்கில் போய் நின்றேன். விசாரணை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. இவன் காலையில் பல் தேய்ப்பானா, ராத்திரி எங்கே சாப்பிடுவான், முதல் அடி இவன் அடிக்கிறானா, மற்றவன் அடிக்கிறானா? கேட்ட கேள்விக்கெல்லாம் அஸார் பயபக்தியோடு பதில் சொன்னான். அக்காவுக்குத் திருப்தி இல்லை. “கொடு, நானே உள்ள போய்ப் பாக்கறேன்” என்று ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

டிவியில் பள்ளிக்கூட மணி அடித்தது. சிவப்புத் தொப்பி சுவரில் முட்டி, செடியில் இடறி, வகுப்பறைப் பக்கம் திரும்பியது.

“அம்மா, கிளாசுக்கெல்லாம் யாரும் போக மாட்டாங்க. வெளில போய் அடிக்கலாம்.”

“மணி அடிச்சாச்சுடா! போகாம?”

வகுப்பில் பூகோளப் பரீட்சை. இங்கிலீஷ் கேள்வியை அஸார் தமிழில் சொல்ல, அக்கா பதில் சொன்னார். எந்தக் கண்டம், எந்த நதி, எந்தக் கடல், ஒன்றுகூடத் தப்பவில்லை. திரையில் நட்சத்திரம் கொட்டியது. அக்கா எழுந்து நின்றுவிட்டார். “எட்டாவதுல பூகோளத்துல நான்தான் முதல் மார்க் அனுராதா. அந்த லீவுலதான் வயசுக்கு வந்தேன். பள்ளிக்கூடம் திறந்துச்சு, என்னை அனுப்பல.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் மோரை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, அந்தத் தெருப் பையன்களில் ஒருவனான இப்ராஹிமின் அம்மா சைத்தூன் பீவியையும் கூட்டிக்கொண்டு தீர்ப்புக் கேட்கப் போனேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. “போடு! இன்னொண்ணு போடு! மூஞ்சிலயே போடு!” உள்ளே பேகம் அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, ஒரு தலைமை ஆசிரியரை முட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். தாமதமாக வந்தாய் என்று அந்த ஆள் கேட்டைச் சாத்தியிருக்கிறார்.

“என்னையா உள்ள விடமாட்டே? என்னையா?”

தலைமை ஆசிரியர் குட்டிக்கரணம் போட்டுக் குளத்தில் விழுந்தார். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சைத்தூன் பீவி சிரித்தார். குற்றம் சாட்ட வந்த நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மூச்சு வாங்கியதும், “தீர்ப்பு என்னக்கா?” என்று கேட்டேன். அஸார் கதவோரம் நகம் கடித்துக்கொண்டு நின்றான்.

“பையன் மோசமில்ல. ஆனா அவன்கூடச் சேர்ந்தா நம்ம கை சும்மா இருக்காது. நாப்பத்திரெண்டு வயசுல எனக்கே ரெண்டு நாள்ல இப்படி ஆயிடுச்சு. அந்த ஆளைத் தள்ளினப்போ எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? இவனுங்க பதினாலு வயசுப் பசங்க. காலையில எந்திரிச்சு அதே மாதிரி சாருங்க முகத்துலதான் முழிக்கணும். இவனுங்களுக்கு வேணாம்.”

அஸார் அழாத குறை. அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, டிவிக்குப் பின்னால் கைவிட்டு வயரைக் கழற்றப் போனான். “சிங்காரவேலு மாமாகிட்ட நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன்மா.”

“டேய், கைய எடு!” என்று அக்கா கத்தினார். “பள்ளிக்கூடம் போறவங்களுக்குத்தான்டா வேணாம்னேன்.” ஜாய்ஸ்டிக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, குரலில் இல்லை. “நான் இப்பதான் ஒன்பதாவது சேர்ந்திருக்கேன். திரும்பவும் பாதில நிறுத்திடாதீங்க.”

சைத்தூன் பீவி பர்தாவைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

“கொஞ்சம் நகருங்கக்கா. நான் ஏழாவதோட நின்னவ.”

பன்னிரண்டாவது வரை படித்த எனக்கு அன்று விளக்கு வைக்கும் நேரம் வரை விளையாட முறை வரவில்லை.