முந்நூற்று நாலு தெரிந்த மனுசி

மகாதேவிக்குக் கடதாசி விளையாட்டு என்றாலே பிடிக்காது. அதற்கு நியாயம் இருந்தது. அவளுடைய புருஷன் கனகரத்தினம் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்த முப்பது வருஷமும், பின்னேரம் உரும்பிராயில் பஸ்ஸால் இறங்கியதும் நேரே வாசிகசாலைக்குப் போய் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடினார். விளக்கு வைத்தபிறகு பின்வாசலால் வீட்டுக்குள் வருவார்.

"கந்தோரிலை வேலை" என்பார்.

"ஓம், கந்தோரை வாசிகசாலைக்கு மாத்திப்போட்டினம் போலை" என்பாள் மகாதேவி. பிறகு சோறு போடுவாள்.

பென்சன் எடுத்து ஐந்தாம் வருஷம், 1973இல், ஒரு நாள் காலை அவர் குடையை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போக பஸ்ஸுக்கு நின்றார். அடுத்த நாளும் நின்றார். சில மாதத்தில் மகாதேவியின் பெயர் அவருக்கு வரவில்லை. டொக்குத்தர் ஒருவர் பார்த்துவிட்டு, "இதுக்கு மருந்தில்லை. ஆனால் மூளையைச் சும்மா விடாதேங்கோ. ஏதாவது வேலை குடுங்கோ" என்றார்.

மகாதேவி அன்றைக்கே தொடங்கினாள். இன்றைக்கு என்ன கிழமை, வளவில் எத்தனை பனை என்று காலையும் மாலையும் கேட்டாள். நாலாம் நாள் கனகரத்தினம், "என்ன, சோதினையே வைக்கிறாய்?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு ஒரு கடகம் வெங்காயத்தை முன்னால் வைத்து வால் நறுக்கச் சொன்னாள். அவர் இரண்டை நறுக்கினார். மூன்றாவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழும்பிப் போனார்.

அந்தக் கிழமை இளையதம்பி வந்தார். வாசிகசாலையில் கனகரத்தினத்தோடு விளையாடியவர். இப்போது ஏன் அவரைச் சேர்ப்பதில்லை என்று மகாதேவி நேராகக் கேட்டாள்.

"விளையாட்டிலை பிழை விடமாட்டான், தங்கச்சி. ஆனால் எங்களோடை விளையாடின சீவரத்தினம் எங்கை எண்டு கேப்பான். அவன் செத்து மூண்டு வருஷம். சொன்னால் அழுவான். பத்து நிமிஷத்தாலை திரும்பக் கேப்பான். மற்றவைக்கு விளையாட்டு ஓடுதில்லை."

மகாதேவி முதல் வசனத்தில் நின்றுவிட்டாள். "பிழை விடமாட்டாரோ?"

"எந்தத் தாள் போட்டது, எது ஆரின்ரை கையிலை மிச்சம், எல்லாம் சொல்லுவான்."

"அப்ப எனக்குப் பழக்கிவிடுங்கோ, அண்ணை."

"பொம்பிளையள் விளையாடுறதில்லையே."

"ஆம்பிளையள் அவரைச் சேர்க்கினமில்லையே."

இளையதம்பி அடுத்த நாளே கடதாசிக் கட்டோடு வந்தார். நாலு பேர் வேண்டும் என்பதால் அடுத்த வளவில் இருந்த தங்கை அருமைநாயகியையும் மகாதேவி பிடித்து வந்தாள். இதில் ராசாவைவிட ஜாக் பெரிது என்பதைத் தங்கை கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. என்றாலும் ஒரு மாதத்தில் இரண்டு பேரும் ஒருமாதிரி விளையாடப் பழகினார்கள்.

விறாந்தையில் மேசை போட்ட முதல் நாள், கனகரத்தினம் தாள்களைக் கையில் எடுத்ததும் நிமிர்ந்து இருந்தார். மகாதேவி அவருக்கு எதிரே, ஆட்டத்தில் அவருக்குச் சோடியாக இருந்தாள். அவர் ஏலம் கேட்டார், துரும்புத் தாளைக் கவிழ்த்து வைத்தார், வென்றார். சீவரத்தினத்தை ஒருமுறைதான் கேட்டார். "இண்டைக்கு வரேல்லை" என்றாள் மகாதேவி. இளையதம்பி தன் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனகரத்தினம் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த தாளைப் போட்டார்.

ஆட்டம் முடிய, அவர் இளையதம்பியின் பக்கம் சாய்ந்தார். "உந்த மனுசி ஆர்? நல்லாய் விளையாடுது."

மகாதேவிக்குக் காது நல்ல காது. "உங்கடை மனுசி விளையாடமாட்டாவோ?" என்று கேட்டாள்.

"அவவோ? கடதாசியைக் கண்டால் ஏசுவா. நான் இஞ்சை வந்ததை அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன்."

அவர் எழும்பி, செருப்பைப் போட்டு, எல்லாருக்கும் போய்வருவதாகச் சொல்லி முற்றத்தில் இறங்கினார். மகாதேவி விறாந்தையில் நின்று எட்டிப் பார்த்தாள். அவர் தெருவுக்குப் போகவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்வாசல் பக்கம் திரும்பினார். அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளால் ஓடி, குசினியில் அடுப்படியில் போய் நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"கந்தோரிலை வேலை."

அன்றைக்கு இரண்டுமுறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நாலு வருஷம் அப்படி நடந்தது. விளையாடாத நாட்களில் அவர் மரக்கட்டை மாதிரி இருந்தார், விளையாடிய நாட்களில் கதைத்தார், சாப்பிட்டார், நித்திரை கொண்டார். விறாந்தை மனுசியை அவர் "நீங்கள்" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். ஒருநாள் துரும்பை வீணாக்கியதற்கு மட்டும் கடுமையாகப் பேசினார். மகாதேவி அன்றிரவு குசினியில் அதற்கு உப்புக் கூட்டிச் சமைத்தாள். அவருக்கு ஏனென்று விளங்கவில்லை.

1977 ஆவணியில் ஒரு பின்னேரம், ஆட்டம் முடிந்தும் அவர் எழும்பவில்லை. மகாதேவி குசினியில் காத்து நின்றாள். வரவில்லை. திரும்பி விறாந்தைக்கு வந்தாள். இளையதம்பியும் தங்கையும் போய்விட்டிருந்தார்கள்.

"நான் இஞ்சையே இருக்கலாமோ?" என்று கேட்டார்.

"இருங்கோ."

"மனுசி தேடுவா."

"நான் போய்ச் சொல்லிவிடுறன்."

அவர் தலையாட்டினார். மகாதேவி அவருக்கு எதிர்க் கதிரையில் இருந்தாள். பிறகு சோற்றையும் அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். அதன்பிறகு அவர் பின்வாசல் பக்கம் போகவில்லை, வீட்டு மனுசியைக் கேட்கவுமில்லை.

ஏழு மாதத்தில் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த அவருடைய மச்சாள் ஒருத்தி, "கடைசியிலை உன்னைத் தெரிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

மகாதேவி சொன்னாள்: "ஒருத்தியை மறந்திட்டார். மற்றவவைத் தெரியும்."

மச்சாள் விளங்காமல் அருமைநாயகியைப் பார்த்தாள். அருமைநாயகி வந்தவர்களுக்கு வாழையிலை போட எழும்பிப் போனாள்.