இறாலில் இல்லாத மருந்து

அந்த வாரம் கல்லடியில் வீட்டுக்கு வீடு கண்நோய். எங்கள் வீட்டில் முதலில் மகளுக்கு வந்தது, பிறகு எனக்கு. நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை விடச் சொல்லி ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு ஒரு துளிமருந்து தந்தார்கள். அந்தச் சின்னப் போத்தலை ஆய்வுகூடச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். லீவு போட்டிருக்கலாம். நான் இல்லாவிட்டால் அங்கே ஒன்றும் நடக்காது என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

வாவிக் கரைப் பண்ணைகளில் வளர்க்கும் இறாலில் தடைசெய்த மருந்துகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. சதையை அரைத்து, அதற்குள் இருக்கக்கூடிய மருந்தைக் கரைத்தெடுத்து இயந்திரத்துக்குக் கொடுப்போம். இயந்திரத்தின் முன்பாதி கலந்து கிடப்பதைத் தனித்தனியாகப் பிரிக்கும். பின்பாதி, பிரிந்து வருவதன் மூலக்கூறுகளை உடைத்து எடை பார்க்கும். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் இருக்கிறது. நாங்கள் மெஷின் என்றுதான் சொல்வோம். பெரிய குளத்தில் ஒரு சிட்டிகை கரைந்திருந்தாலும் பிடித்துவிடும்.

செவ்வாய்க்கிழமை, வவுணதீவுப் பக்கத்துப் பண்ணை ஒன்றின் இறாலில் குளோரம்பெனிகோல் காட்டியது. வளர்ப்பு இறாலுக்குக் கொடுக்கவே கூடாத மருந்து. அடுத்த நாளும் அதே கரைசலை மெஷினுக்குக் கொடுத்துப் பார்த்தேன், அதே விடைதான். இறாலே சேர்க்காமல் மற்றதெல்லாம் அப்படியே செய்யும் வெறும் மாதிரியைப் பிளாங்க் என்போம். காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்து வைப்பது என் பழக்கம். அது சுத்தமாக இருந்தது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அறிக்கையில் கையெழுத்து வைப்பதற்கு முன் பண்ணைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். கையெழுத்து விழுந்துவிட்டால் குளத்து இறால் முழுவதையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான். வியாழக்கிழமை அவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். கழற்றிய ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"மிஸ், நான் ஒண்டும் போடல்ல. சுண்ணாம்பு போட்டன், தீன் போட்டன். வேற ஒண்டும் இல்ல."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க அண்ணன். மெஷினுக்கு உங்களோட என்ன கோவம்?"

இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவர் அறிக்கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. மருந்து விடும் நேரமாகிவிட்டதால் போத்தலை எடுத்தேன்.

"என்ட பொஞ்சாதிக்கும் இதே வருத்தம்தான் மிஸ். நாலு நாளாச்சி. நீங்க என்ன மருந்து உடுறீங்க? பேரச் சொல்லுங்க, மறுகா வீட்ட போகக்குள்ள வாங்கிக் குடுப்பம்."

பெரிய எழுத்தில் இருந்தது கம்பனி வைத்த பெயர். மருந்தின் பெயரைப் பார்க்கப் போத்தலைத் திருப்பினேன். அடியில், எறும்பு அளவு எழுத்தில், குளோரம்பெனிகோல்.

செவ்வாய்க்கிழமை நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பிளாங்க் செய்தது எட்டரைக்கு. கண் அரித்தது பத்து மணிக்கு. கையுறையோடுதான் மூடியைத் திறந்தேன், துளி விட்டேன், கன்னத்தில் வழிந்ததைத் துடைத்தேன். அதே கையுறையோடு அவருடைய இறாலை உரித்தேன். கையுறை போட்டதும் எல்லாம் சுத்தம் என்று நினைக்கும் பயிற்சி மாணவர்களை நான் எத்தனை தடவை ஏசியிருக்கிறேன்.

"அண்ணன், பிழை என்னில இருக்கலாம். திரும்பச் செய்யச் சொல்றன். இருக்க ஏலுமா?"

"இருக்கிறன்."

நேரே பொறுப்பாளரிடம் போய் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கைப் பண்ணையிலேயே உரிமையாளரின் கையெழுத்தோடு சீல் வைத்து உறைபெட்டியில் வைத்திருப்போம். கண்நோய் இல்லாத சக ஊழியர் ஒருத்தி அதை எடுத்துச் செய்தாள். என்னை உள்ளே விடவில்லை. விட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். நானும் அவரும் விறாந்தையில் ஒரே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவருக்குத் தேநீர் வந்தது, ஆறிப்போனது.

பின்னேரம் அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டினாள். எழுந்து கண்ணாடி வழியே மெஷினின் திரையைப் பார்த்தேன். மருந்து இருந்தால் மேலெழ வேண்டிய இடத்தில் கோடு தரையோடு தரையாகப் போயிருந்தது. போத்தல் கிடந்த என் சட்டைப் பையை அவள் துடைத்தெடுத்த பஞ்சிலிருந்து செய்த கரைசலில் மட்டும் அது எழுந்து நின்றது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். என் பிழை இவ்வளவு தெளிவாக நிரூபணமானதில் எனக்கு வந்த சந்தோஷத்தை வேறு யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது.

"உங்கட இறால்ல ஒண்டும் இல்ல அண்ணன். எல்லாம் என்ட கையால வந்தது. உங்களக் கள்ளன் எண்டு நினைச்சிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"அப்ப அந்த மருந்துர பேர எழுதித் தாங்க மிஸ்."

"டொக்டரிட்டக் காட்டிப்போட்டு வாங்குங்க," என்று சொல்லி ஒரு துண்டில் எழுதினேன். முந்தின நாள் அறிக்கையில் அவருடைய குளத்துக்கு நேரே தட்டெழுதிய அதே பெயர். அவர் வாங்கிப் படித்துப் பார்த்தார்.

"வாங்குவன். ஆனா கண் சுகமாகுமட்டும் அவவக் குளத்துப் பக்கம் விடமாட்டன்," என்று சிரித்தார்.