இறைச்சி போடாத கஞ்சி

படகு எஞ்சினுக்கு பிளக் வாங்கக் கல்முனைக்குப் போனவன், அப்படியே பாண்டிருப்புப் பக்கமும் ஒரு வேலையாகப் போனேன். வீதியோரத்தில் பெரிய பானையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மே மாதம். யுத்தத்தின் கடைசி நாட்களில் வன்னியில் செத்தவர்களை நினைத்துத் தமிழ் ஆட்கள் காய்ச்சும் கஞ்சி. எதிர்ப்பக்கம் இரண்டு பொலிஸ்காரர்கள் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, யார் வாங்கிக் குடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெந்த அரிசி வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு எல்லாம் மறந்து போனது. சாய்ந்தமருதுக்குத் திரும்பி வந்த பிறகுதான் பிளக் வாங்கவில்லை என்பது தெரிந்தது. என் லட்சணம் அவ்வளவுதான்.

அந்த வாசம் எங்கள் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியின் வாசம். நானும் யோகனும் சாய்ந்தமருதில் ஒரே கராஜில் எஞ்சின் வேலை பழகியவர்கள். அவன் பாண்டிருப்புக்காரன். நோன்பு மாதத்தில் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்தால் பள்ளிவாசல் வளவில் கஞ்சி தயாராகும். றம்பை இலை, உள்ளி, தேங்காய்ப்பால், கடைசியில் மாட்டிறைச்சி. இறைச்சி விழுவதற்கு முன்னால் ஒரு வாளி தனியாக எடுத்துவைப்பது அங்கே வழக்கம். அந்த வீதிக் கடைகளில் வேலை செய்த தமிழ் ஆட்களுக்கு அது. காய்ச்சுகிற ஆதம்பாவா காக்கா வாசலில் நின்று கத்துவார்:

“யோகன்ட வாளி எங்கடா? கெதியாக் கொண்டு வாங்க, இறைச்சி விழப்போகுது!”

யோகன் அதை வாங்கிவந்து மூடிவைத்துவிட்டு, பாங்கு சொல்லும் வரைக்கும் எங்களோடு காத்திருப்பான்.

“பகல் முழுக்க வடை திண்டவன் நோன்பு திறக்க வந்திட்டான்” என்பேன்.

“உங்கட மூஞ்சிகளப் பாத்துப் பாத்தே எனக்கும் களைச்சுப் போச்சு மச்சான்” என்பான்.

உடனே தேன் வடிகிற காலம் என்று நினைத்துவிடாதீர்கள். என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், வயலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. புலிகளின் இயக்கம் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள். அடக்க மையத்தும் கிடைக்கவில்லை, போய் நிற்கக் கபுரும் இல்லை. யோகனின் அக்கா வன்னியில் கலியாணம் முடித்தவள். கடைசிச் சண்டையில் அவளும் பிள்ளைகளும் எங்கே விழுந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சொந்தமாகக் கராஜ் போட்டோம். என் காக்காவையும் அவன் அக்காவையும் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. வந்து போகிறவர்கள்தான் கதைப்பார்கள். எங்கட ஆக்கள் கூட, உங்கட ஆக்கள் குறைய என்று கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோலச் செத்தவர்களைச் சொல்வார்கள். சொல்கிறவன் வீட்டில் அநேகமாக யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. எங்கள் மார்க்கத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு செய்தார்கள். எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டுக்குள் தங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வெடித்துச் செத்தார்கள். மிருகங்கள் என்று எழுதலாம், ஆனால் மிருகம் அப்படிச் செய்யாது. அடுத்த மாதம் நோன்பு. வீடு வீடாக ஆமி. தமிழ் வாடிக்கையாளர்கள் ஒருவரும் கராஜுக்கு வரவில்லை. யோகன் மட்டும் வந்தான்.

மே மாத நினைவு நாளன்று, பொழுதுபடுகிற நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாளி கஞ்சியோடு வந்தான்.

“புதுச்சட்டியிலதான் காய்ச்சினன் மச்சான். யோசியாமக் குடி.”

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம் தின்றுவிட்டு ஒரு வாய் குடித்தேன்.

“என்னடா இது, ஒண்டுமே போடாம?”

“அங்க வன்னியில போட ஒண்டும் இருக்கல்ல” என்றான். வாளி மூடியைத் துடைத்துக்கொண்டு, “உன்ட காக்காவுக்கும் சேத்துத்தான் காய்ச்சினன்” என்றான்.

வாளியில் இருந்ததை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

எஞ்சின் எடுக்க வந்த ஒருவன் இதையெல்லாம் போனில் பிடித்திருக்கிறான். கெட்டவன் இல்லை. ‘ஒற்றுமை’ என்று எழுதி பேஸ்புக்கில் போட்டான். அதுதான் எங்களைக் கொன்றது.

விடிந்ததும் எங்கள் ஆட்களில் ஒருவன் வந்தான், புதிதாக மார்க்கம் படித்தவன். “செத்தவங்களுக்குப் படைச்சத வச்சு நோன்பு திறந்தீங்களாமே, ஹறாம் தெரியாதா?” என்று கேட்டான். படைக்கவில்லையடா, காய்ச்சினது என்றேன். கேட்கிற காதா அது? இன்னொருவன் என் காக்காவின் பேரைச் சொல்லி, அவரைக் கொன்றவர்களின் கஞ்சியைக் குடித்தவன் என்று எழுதினான். தமிழ் ஆட்களின் பக்கத்தில், குண்டு வைத்தவனுக்குச் செத்த எங்கள் பிள்ளைகளின் கஞ்சியா என்று யோகனைக் கிழித்தார்கள். தேர்தல் வந்ததும் இரண்டு பக்கத்து மேடையிலும் நாங்கள்தான். இங்கே ஒருவன் ‘இண்டைக்குக் கஞ்சி, நாளைக்கு உங்கட காணி’ என்றான். அங்கே ஒருவன் ‘இண்டைக்குக் கராஜ், நாளைக்கு உங்கட ஊர்’ என்றான். இரண்டு பேரும் வென்றார்கள். இப்போது கலியாண வீடுகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறார்கள்.

யோகன் தன் ஸ்பானர் சாவிகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினான்.

“கொஞ்ச நாளைக்கு மச்சான்.”

“எனக்குப் பயப்பிடுறியாடா?”

“உனக்கில்ல. உன்னோட நிண்டா எனக்கு என்ன நடக்கும் எண்டு வீட்டில பயப்பிடுதுகள்.”

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

பிளக் வாங்கப் போன அன்று பாண்டிருப்பில் அகப்பை பிடித்துக் கஞ்சி ஊற்றியது அவன்தான். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டான். கை ஒரு கோப்பையை எடுத்தது. பிறகு பொலிஸ்காரர்களைப் பார்த்தான், பின்னால் போனோடு நின்ற இளசுகளைப் பார்த்தான், கோப்பையை வைத்துவிட்டான். நானும் நிற்கவில்லை. நின்றிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நின்றால் நாளைக்கு அவன் வீட்டுக்கு யார் போவார்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளிவாசலில் இப்போதும் நோன்புக் கஞ்சி உண்டு. ஆதம்பாவா காக்கா மௌத்தாகிவிட்டார். இப்போது காய்ச்சுகிறவர் எடுத்த எடுப்பிலேயே இறைச்சியைப் போட்டுவிடுகிறார். அதற்கு முன்னால் ஒரு வாளி எடுத்துவைக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எடுத்துவைத்தால் அதை வாங்க யார் வரப்போகிறார்கள்?