கடல் முழுக்கக் குமிழி

மலேசியாவின் தியோமான் தீவில், டைவிங் ரிசார்ட்டின் படகில் நானும் படகோட்டியும் மட்டும் இருக்கிறோம். கிள்ளான் நீச்சல் குளத்தில் பழகிய தைரியத்தில், என் கணவர் முதுகில் சிலிண்டரோடு பயிற்சியாளர் பின்னால் இறங்கிவிட்டார். எனக்கு நீந்தத் தெரியாது. படகின் விளிம்பை இறுகப் பிடித்தபடி கீழே பார்க்கிறேன், வெறும் நீலம்.

"அண்ணே, அவருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

படகோட்டி பந்திங் ஊர்த் தமிழர். "அதோ, முட்டை முட்டையா வருது பாருங்க அக்கா. அது ரெண்டு பேரும் விடுற மூச்சு லா. அது வர்ற வரைக்கும் பயமே இல்ல."

அதன்பிறகு நான் கண்ணை எடுக்கவில்லை. குமிழி சற்று நின்றால் என் மூச்சும் நின்றுவிடுகிறது.

திடீரென்று மழை பிடித்துக்கொள்கிறது. விழுகிற துளியெல்லாம் குமிழியாகிறது. படகோட்டியும் எழுந்து நின்று தேடுகிறார்.